மிசின் மருந்து

மக்காச்சோளம் அடிக்கிற காட்டில் நிற்பவர்களைத் தூரத்திலிருந்து பார்த்தால் ஆண் யார், பெண் யார் என்று பிரித்துச் சொல்ல முடியாது. எல்லோரும் முழுக்கைச் சட்டை போட்டு, தலை, காது, மூக்கு, வாய் அத்தனையையும் துண்டால் இறுக்கிக் கட்டியிருப்பார்கள். கண்ணை மட்டும் கட்ட முடியாது. அதனால் சோளத்தின் அரிக்கிற சொணையும் தூசியும் வேறெங்கும் போக வழியில்லாமல் கண்ணுக்குத்தான் வந்து சேரும். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள் என்று வேளாண்மை ஆபீசர் ஒருவர் ஒருமுறை சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறிப் போனார். வேர்வையில் கண்ணாடி புகை பிடித்து, கை மிசின் வாய்க்குள் போய்விட்டால் அவரா வந்து எடுத்துக் கொடுப்பார்?

தாராபுரத்துக்கு மேற்கே தை கடைசியில் தொடங்கினால் பங்குனி பாதி வரைக்கும் இதே வேலைதான். தம்பிதுரை தன் டிராக்டரில் கதிரடிக்கிற மிசினை இழுத்து வந்து களத்தில் நிறுத்துவார். ஆரோனும் அவன் மனைவி கிளாடிஸும் அவர்கள் வளவில் குடியிருக்கிற ஆட்களும் குவித்துக் கிடக்கிற கதிரை அன்னக்கூடையில் அள்ளி மிசின் வாயில் கொட்டுவார்கள். ஒரு பக்கம் மணி கொட்டும். இன்னொரு பக்கம் தோகையும் சக்கையும் ஆளுயரத்துக்குப் பறக்கும். கோழித் தீவன லாரி வந்து வரப்போரம் நின்றுவிட்டால் தண்ணி குடிக்கக்கூட நேரமிருக்காது.

பொழுதோட மிசின் நின்றதும் அந்தக் கூட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. எல்லோரும் தொட்டித் தண்ணியில் முகம் கழுவிவிட்டுச் சாக்குக் குவியல்மேல் மல்லாந்து படுப்பார்கள். தம்பிதுரை டூல்ஸ் பெட்டியைத் திறந்து, கிரீஸ் டப்பாவுக்கும் ஸ்பேனருக்கும் நடுவில் கிடக்கிற பச்சை மூடிப் பாட்டிலை எடுத்து கிளாடிஸிடம் நீட்டுவார். அவள் வரிசையாகக் குனிந்து குனிந்து எல்லோர் கண்ணிலும் ஒவ்வொரு சொட்டு விடுவாள். குளுகுளுவென்று இருக்கும். காலையில் எழுந்தால் கண்ணில் ஒரு சிவப்புக் கோடு இருக்காது. அதன் பெயரை யாரும் படித்ததில்லை. மிசின் மருந்து என்பதுதான் பெயர். தீர்ந்துபோனால் காலிப் பாட்டிலை பாலுசாமியின் மருந்துக் கடையில் காட்டினால் போதும். அவர் ஒரு வார்த்தை கேட்காமல் அதே மாதிரி இன்னொன்றை எடுத்துக் கொடுப்பார். ஊற்றுகிற வேலை கிளாடிஸுடையது. அவள் கை நடுங்காது, சொட்டு கன்னத்தில் வழியாது என்பதில் கூட்டத்துக்கு அவ்வளவு நம்பிக்கை. அவளுக்கும் அதில் கொஞ்சம் பெருமை இல்லாமல் இல்லை.

மாசியில் குண்டடம் பக்கம் ஒரு காட்டில் அடித்துக்கொண்டிருந்தபோது மிசினிலிருந்து தெறித்த தோகைத் துண்டு ஒன்று ஆரோனின் வலது கண்ணில் அடித்தது. கூடையைப் போட்டுவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டான். கிளாடிஸ் ஓடி வந்தாள். அவனுடைய இடது கண் சின்ன வயதிலேயே கிட்டிப்புள் பட்டுப் போனது. வெளிச்சம் இருட்டு தெரியும், ஆள் முகம் தெரியாது. அவனுக்கு உலகத்தைக் காட்டிக்கொண்டிருந்தது அந்த வலது கண் ஒன்றுதான்.

அவள் இமையை விரித்து, சேலைத் தலைப்பின் நுனியைத் திரித்து, ஒட்டிக்கொண்டிருந்த தும்பை எடுத்தாள். பிறகு பெட்டியைத் திறந்து மிசின் மருந்தை எடுத்து, ஒன்றுக்கு இரண்டு சொட்டாக விட்டாள். மறுநாளும் விட்டாள். அதற்கு மறுநாள் கண் பளிச்சென்று ஆகிவிட்டது. ஆரோன் கூடையைத் தூக்கிக்கொண்டு மிசினுக்குப் போனான். தம்பிதுரைகூட, கிளாடிஸ் இருக்கும்போது நமக்கெதற்கு ஆஸ்பத்திரி என்று சிரித்தார்.

அந்தச் சிரிப்பு அந்த வாரம் தாண்டவில்லை. முதலில் வெளிச்சம் கூசியது. அப்புறம் எதிரே வருகிறவர்கள் புகைக்குள் வருவதுபோல வந்தார்கள். ஒருநாள் காலையில் கிளாடிஸ் அவன் முகத்தைத் திருப்பிப் பார்த்தபோது கருவிழியில் வெள்ளையாக ஒரு புள்ளி விழுந்திருந்தது. அதன் ஓரம் பஞ்சு பிரிந்தாற்போல இருந்தது. தாராபுரத்து டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்தவர், உட்காரக்கூடச் சொல்லாமல் இப்போதே கோயமுத்தூருக்குக் கிளம்புங்கள் என்றார். தம்பிதுரை பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வண்டியில் கொண்டுவந்து விட்டார். போகிற இடத்தில் உதவும் என்று மிசின் மருந்தையும் கொடுத்தனுப்பினார். தனக்கு வேறொன்று வாங்கிக்கொள்வதாகச் சொன்னார். நல்ல மனசோடுதான் கொடுத்தார்.

சிங்காநல்லூரில் இறங்கி, டவுன் பஸ்சில் காந்திபுரம் போய், அங்கிருந்து இன்னொரு பஸ் ஏறிக் கண்ணாஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தார்கள். வழி முழுக்க ஆரோன் துண்டால் முகத்தை மூடியபடி கிளாடிஸின் தோளைப் பிடித்துக்கொண்டே வந்தான். கல்யாணமான நாளிலிருந்து அவன் அவளை ரோட்டில் தொட்டு நடந்தது அன்றைக்குத்தான். அவளுக்கு அழுகை அழுகையாக வந்தது.

ஆஸ்பத்திரியில் சாய்ப்ரியா என்கிற சின்ன வயது டாக்டரம்மா பார்த்தார். மரத்துப் போக மருந்து விட்டு, புண்ணைச் சுரண்டி எடுத்துக் கண்ணாடித் துண்டில் தடவிக் கொடுத்தனுப்பினார். திரும்பி வந்தவர் சுற்றி வளைக்காமல் சொன்னார். சோளத் தட்டில் பிடிக்குமே பூசணம், அது தோகையோடு சேர்ந்து கருவிழிக்குள் இறங்கி வேர் விட்டிருக்கிறது. இதற்கென்று தனி மருந்து உண்டு. மணிக்கொருதரம் விட வேண்டும். மெதுவாகத்தான் ஆறும். விட்டுவிட்டால் கருவிழி ஓட்டையாகும். அப்புறம் ஒரு கேள்வி கேட்டார்.

“வேற ஏதாவது சொட்டு மருந்து ஊத்துனீங்களா? கடையில வாங்குனது, வீட்ல இருந்தது, எதுவா இருந்தாலும் சொல்லுங்க.”

“ஒண்ணும் ஊத்துலீங்க,” என்றான் ஆரோன். “பச்சத்தண்ணில கழுவுனதோட செரி.”

கிளாடிஸ் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கடை மருந்தை ஊற்றினோம் என்று சொன்னால் பெரிய ஆஸ்பத்திரியில் முதலில் திட்டுத்தான் விழும். அந்தத் திட்டு ஊற்றினவளுக்கு விழும் என்றுதான் அவன் மறைத்தான், அது அவளுக்குத் தெரியும். அவள் வாயை மூடிக்கொண்டதற்குக் காரணம் வேறு. அதை அவள் ஒரு மருந்தாகவே நினைக்கவில்லை. வேலை முடிந்து சோப்புப் போட்டுக் கை கழுவுகிறோம், அதையெல்லாம் டாக்டரிடம் வரிசை வைத்துச் சொல்வோமா?

வார்டில் கட்டில் கிடைத்தது. நர்ஸ் ராமாமணி மருந்து விடுகிற விதத்தை ஒருமுறை காட்டிக் கொடுத்தார். அடியில் தங்குகிற மருந்து, நன்றாகக் குலுக்க வேண்டும். வெள்ளையாக, சுண்ணாம்புத் தண்ணி மாதிரி இருந்தது. கண்ணில் விட்டதும் ஆரோன் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடிப்பான். மணிக்கொருதரம் அந்தப் பல் கடிக்கிற சத்தத்தைக் கேட்பதைவிடத் தன் கண்ணையே பிடுங்கிக் கொடுத்துவிடலாம் போல கிளாடிஸுக்கு இருந்தது.

அப்போதுதான் அவள் பைக்குள் கையை விட்டாள். விடியற்காலையில் ராமாமணி அடுத்த வார்டுக்குப் போகிற சமயம் பார்த்து, அவன் இரண்டு கண்ணுக்கும் பொதுவாக ஒரு ஜெபம் சொல்லிவிட்டு, மிசின் மருந்தில் ஒரு சொட்டு விட்டாள். ஆரோன் நீளமாக மூச்சை விட்டான்.

“இதுதான் புள்ள எதமா இருக்குது,” என்றான்.

அந்த ஒரு வார்த்தைக்காக அவள் தினமும் விட்டாள். டாக்டர் மருந்து நோய்க்கு, இது வலிக்கு என்று தனக்குத் தானே கணக்குச் சொல்லிக்கொண்டாள். ஆனால் காலையில் விளக்குக் கருவியில் தாடையை வைக்கச் சொல்லிப் பார்க்கிற டாக்டரம்மாவின் முகம் நாளுக்கு நாள் இறுகிக்கொண்டே போனது. வெள்ளை பரவுகிறது, கருவிழிக்குப் பின்னால் அடியில் சீழ் தேங்குகிறது, இந்த மருந்துக்குக் கேட்டிருக்க வேண்டும், ஏன் கேட்கவில்லை என்று தெரியவில்லை என்றார். இப்படியே போனால் கருவிழியை எடுத்துவிட்டு வேறு வைக்கிற ஆபரேசன்தான், அதற்கும் யாராவது கண் தானம் கொடுத்தது வர வேண்டும் என்றார். கிளாடிஸ் அன்றைக்கு வாங்கி வந்த இட்லிப் பொட்டலத்தைப் பிரிக்கவே இல்லை. ஆரோன் கேட்டபோது சாப்பிட்டுவிட்டேன் என்றாள்.

பக்கத்துக் கட்டிலுக்கு மாரப்பன் என்று ஒருவர் வந்து சேர்ந்தார். பெருந்துறைப் பக்கம் மஞ்சள் வேகவைத்துக் காயப்போடுகிற வேலை. மஞ்சள் சருகு கண்ணில் கீறிவிட்டதாம். வாய் ஓயாத மனிதர். டாக்டரம்மா அதே கேள்வியைக் கேட்டதும் தயங்காமல் சட்டைப் பையிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்து நீட்டினார். பச்சை மூடி.

“இத ஊத்துனதுக்கப்பறந்தானுங்க கொஞ்சம் கேட்டுது. செவப்பெல்லாம் நின்னுபோச்சுங்க,” என்றார்.

டாக்டரம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். குரலை உயர்த்தவில்லை. அதனாலேயே வார்டில் இருந்த எல்லோருக்கும் கேட்டது.

“இது செவப்ப மட்டுந்தான் அடக்கும்ங்க. பூசணம் உள்ள நுழைஞ்சா அத எதுத்து நிக்கறதுக்கு ஒடம்பு ஆள் அனுப்புது. அதுதான் செவப்பு. இந்த மருந்து அந்த ஆளத் தொரத்தி உட்டுருது. அப்பறம் பூசணத்துக்கு என்ன பயம்? கண்ணு நல்லாயிட்ட மாதிரியே இருக்கும். உள்ள அது சோறு போட்டு வளத்தற மாதிரி வளரும். நல்லவேளை நீங்க சொன்னீங்க.”

அதே பச்சை மூடிப் பாட்டில் கிளாடிஸின் பைக்குள் கிடந்தது. பை மடியில் இருந்தது. ஆரோன் அவள் பக்கம் முகத்தைத் திருப்பி, வேண்டாம் என்று தலையை மெல்ல ஆட்டினான். அவனுக்கும் எல்லாம் புரிந்துவிட்டது என்று அவளுக்குப் புரிந்தது. டாக்டரம்மா அடுத்த கட்டிலைத் தாண்டி, கதவைத் தாண்டி, நடைக்குப் போய்விட்டார். இப்போது விட்டால் இனி என்றைக்கும் சொல்ல வாய் வராது. அவள் எழுந்து ஓடினாள்.

“ஏனுங்க டாக்டரம்மா,” என்று கூப்பிட்டுப் பாட்டிலை நீட்டினாள். “நானும் இதத்தானுங்க ஊத்துனேன். அவரு மேல தப்பில்லீங்க. நாந்தான் ஊத்திப்போட்டேன்.”

“எப்ப ஊத்துனீங்க?”

“அடிபட்டன்னைக்கும் ஊத்துனேன். இங்க வந்த பொறவும் ஊத்துனேன். இன்னைக்குக் காத்தாலகூட ஊத்துனனுங்க.”

டாக்டரம்மா இரண்டு அறை விட்டிருந்தாலும் கிளாடிஸ் வாங்கிக்கொண்டிருப்பாள். அவர் பாட்டிலை வாங்கித் தன் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு, வேகமாக வார்டுக்குத் திரும்பி நடந்தார்.

ஆரோன் காலடிச் சத்தம் கேட்டு எழுந்து உட்கார்ந்தான். “நாந்தானுங்க ஊத்தச் சொன்னது,” என்றான்.

“யாரு சொன்னா, யாரு ஊத்துனாங்கறதுக்கெல்லாம் இப்ப நேரமில்லீங்க,” என்றார் டாக்டரம்மா. “மருந்து ஏன் கேக்கலன்னு இப்பத் தெரிஞ்சுபோச்சு. இன்னிக்கே மறுபடியும் சுரண்டறோம். கருவிழியில ஊசி ஒண்ணு போடறோம். இந்த வெள்ளை மருந்தோட இன்னொரு சொட்டும் சேத்தறோம். ஆபரேசன் இல்லாமத் தப்பிக்கலாம், தப்பிக்காமயும் போலாம். பார்வைக்கு நான் வாக்குக் குடுக்க முடியாது. ஆனா இது வரைக்கும் இல்லாத ஒரு வழி இப்ப இருக்கு.” போகிறபோது திரும்பி நின்று கேட்டார். “இந்த மருந்த வேற யாரு ஊத்தறாங்க?”

கிளாடிஸுக்கு அந்தக் கேள்வி அப்போது மனதில் ஏறவில்லை. ஊசி போட்டு ஆரோனைக் கொண்டுவந்து படுக்க வைத்த பிறகும் ஏறவில்லை. மருந்து விட வேண்டிய நேரம் வந்ததும் அவள் பாட்டிலை எடுத்தாள். கை நடுங்கியது. எடுத்த பாட்டிலை அப்படியே வைத்துவிட்டு ராமாமணியைப் போய்க் கூப்பிட்டாள். அடுத்த மணிக்கும் கூப்பிட்டாள். உங்கள் கை நன்றாகத்தானே விடும் என்று ராமாமணி சலித்துக்கொண்டே வந்து விட்டுப் போனார். ஆரோன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தான். கோபமாக இருக்கிறானா, பயந்து கிடக்கிறானா என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை. இருபது வருசத்துக்கு மேல் கூடக் குடும்பம் நடத்தியும் அந்த முதுகை வைத்து ஒன்றும் தெரிந்துகொள்ள முடியவில்லை.

பொழுது இறங்குகிற நேரத்தில், இப்போது காட்டில் மிசினை நிறுத்தியிருப்பார்கள் என்று தோன்றியது. எல்லோரும் முகம் கழுவிவிட்டுச் சாக்குமேல் படுத்திருப்பார்கள். டாக்டரம்மா கேட்ட கேள்வி அப்போதுதான் அவளுக்குள் இறங்கியது. பதறிப்போய் போனை எடுத்துத் தம்பிதுரையைக் கூப்பிட்டாள்.

அவர் முதலில் ஆரோனைப் பற்றித்தான் விசாரித்தார். அவள் மருந்தைப் பற்றிச் சொன்னதும் குரல் மாறியது. இத்தனை வருசமாக ஊற்றுகிறோம், யாருக்கு என்ன ஆனது, டாக்டர்கள் இப்படித்தான் எதையாவது சொல்வார்கள் என்றார். எழிலுக்கும் இந்த வாரம் தோகை அடித்தது, இரண்டு நாள் ஊற்றினேன், கண் பளிச்சென்று ஆகிவிட்டது, வேண்டுமானால் அவளிடமே கேள் என்று போனைக் கொடுத்தார்.

எழில் அவர்கள் வளவுப் பெண், போன ஆவணியில்தான் கல்யாணமானவள். அவள் சிரித்துக்கொண்டே பேசினாள். “எனக்குச் செரியாயிருச்சுங்க்கா. செவப்பே இல்லீங்க. எதுக்குங்க ஆஸ்பத்திரி? நாளைக்கு ரெண்டு காடு அடிக்கோணும். ஆளே பத்துலீங்க.”

கிளாடிஸ் சொல்லிப் பார்த்தாள், கெஞ்சிப் பார்த்தாள். இதுவரை அவள் எதைக் கண்ணில் விட்டாலும் வாங்கிக்கொண்ட பெண், அவள் சொல்லை மட்டும் வாங்கவில்லை. அப்போது கட்டிலில் சுவர்ப்பக்கம் திரும்பிக் கிடந்த ஆரோன் எழுந்து உட்கார்ந்து, காற்றில் கையை நீட்டினான். போனைக் கொடுத்தாள்.

“எழிலு, மாமன் பேசறன். எனக்கும் செவப்பு நின்னுதான் கண்ணு போச்சு. நானும் உன்னையாட்டவே கூடையத் தூக்கீட்டு வேலைக்குத்தான் போனேன். நீ ஒண்ணு பண்ணு. நல்ல கண்ணக் கையில பொத்திக்க. பொத்திட்டயா? இப்ப டிராக்டர் லைட்டப் போடச் சொல்லிப் பாரு. என்ன தெரியுது?”

அந்தப் பக்கம் தம்பிதுரை என்னவோ சொல்வதும், டிராக்டர் உறுமுவதும் கேட்டன. ஆரோன் போனைக் காதில் அழுத்திக்கொண்டு காத்திருந்தான்.

“பனி மூடுனாப்புல இருக்குதுங் மாமா,” என்றாள் எழில். சிரிப்பு போய்விட்டிருந்தது.

“ஒண்ணும் ஆகாது கண்ணு, பயப்படாத. காத்தால மொத பஸ்சுக்கு வந்துரு. தம்பிதுரைண்ணங்கிட்டக் குடு,” என்றவன், அவரிடம் பெட்டியில் இருக்கிற பாட்டிலைக் காட்டுக்குள் வீசச் சொன்னான். அவர் இந்தத் தடவை எதிர்த்துப் பேசவில்லை.

எழில் மறுநாள் காலையில் வந்தாள். கண்ணைச் சுருக்கிக்கொண்டு, ஒரு கையில் டிபன் பாக்ஸில் அரிசிம்பருப்புச் சாதமும் இன்னொரு கையில் பையுமாக வார்டு வாசலில் நின்றாள். டாக்டரம்மா அவளை விளக்குக் கருவியில் உட்கார வைத்து வெகுநேரம் பார்த்தார். சுரண்டி எடுத்ததிலும் அதே பூசணம்தான். ஆனால் புள்ளி கடுகளவில் இருக்கிறது, மேலாகவே நிற்கிறது, மருந்தை ஒழுங்காக விட்டால் தழும்புகூடத் தெரியாமல் ஆறிவிட வாய்ப்பு உண்டு என்றார். எழிலுக்கு அதைக் கேட்ட பிறகும் பயம் போகவில்லை. ஆரோனின் கண்ணை அவள் கிட்டத்தில் பார்த்துவிட்டாள்.

ஆரோனின் கண்ணையும் டாக்டரம்மா அன்றைக்குப் பார்த்தார். கூடவும் இல்லை, குறையவும் இல்லை என்றார். கூடவில்லை என்பதையே கிளாடிஸ் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

எழிலுக்கும் அதே வார்டில் எதிரே ஒரு கட்டில் கிடைத்தது. ராமாமணி வெள்ளை மருந்தைக் குலுக்கிக்கொண்டு அங்கே வந்தார். எழில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“அக்காவே ஊத்தட்டுமுங்க,” என்றாள்.

கிளாடிஸ் இரண்டு கையையும் முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டாள். “நான் மாட்டேன் கண்ணு. இனி இந்தக் கையி யாரு கண்ணையுந் தொடாது. நர்ஸம்மா ஊத்துவாங்க, படுத்துக்க.” சொல்லி முடிக்கும் முன்பே அவளுக்குக் கண்ணீர் வந்துவிட்டது. எழில் படுக்காமல் கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தாள். ராமாமணி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

“ஏம்புள்ள,” என்றான் ஆரோன். முந்தின நாள் காலைக்குப் பிறகு அவன் அவளைக் கூப்பிடுவது அதுதான் முதல்தடவை. “மொதல்ல எனக்கு ஊத்து. அந்தப் புள்ள பாக்கட்டும்.”

அவள் அசையவில்லை. அவன் மல்லாந்து படுத்து, வலது கண்ணின் கீழிமையைத் தன் விரலாலேயே இழுத்துப் பிடித்துக்கொண்டு காத்திருந்தான். வார்டில் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கிளாடிஸ் முந்தானையில் கையைத் துடைத்தாள். சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு வந்தாள். மருந்தை அடி கலங்கக் குலுக்கினாள். இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, குனிந்து, பாட்டில் நுனி இமையில் படாமல் ஒரு சொட்டு விட்டாள்.

அது நேராகக் கண்ணுக்குள் போனது. ஆரோனின் கை கட்டில் கம்பியைத் தேடிப் பிடித்தது. முகத்தை மட்டும் அவன் திருப்பவில்லை.

“எரியும் கண்ணு,” என்றான் எழில் இருந்த பக்கமாக. “தாங்கிக்கலாம்.”

எழில் செருப்பைக் கழற்றிவிட்டுக் கட்டிலில் ஏறிப் படுத்தாள்.